கள்ளத்தோணியும் தந்தை செல்வாவும்

இலங்கை அரசியலில் 'கள்ளத்தோணி' என்ற சொல்லுக்கு நீண்ட வரலாறு உண்டு. கடவுச்சீட்டின்றி இரவோடு இரவாகப் பாக் நீரிணையைக் கடந்து வருவோரைக் குறித்த சொல் அது. அப்படி வந்தவர்கள் இருந்தார்கள் என்பதும் உண்மையே. ஆனால், அச்சொல் வெகுவிரைவில் கரையோரத்தை விட்டு மலையேறியது. நான்கு தலைமுறையாகத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்த மலையகத் தமிழர் மீதும், பின்னர் எல்லாத் தமிழர் மீதும் வசைச்சொல்லாக வீசப்பட்டது. சட்டவிரோதக் குடியேற்றம் என்ற கேள்வி ஓர் இனத்தின் அடையாளத்தையே குற்றமாக்கக்கூடும் என்பதை முதலில் உணர்ந்தவர்களுள் ஒருவர் சா.ஜே.வே. செல்வநாயகம்.

1898 மார்ச் 31 அன்று அவர் பிறந்தது இலங்கையில் அன்று. மலாயாவின் ஈப்போ நகரில். பிழைப்புக்காக யாழ்ப்பாணத்திலிருந்து கடல் கடந்தவர் அவருடைய தந்தை. நான்கு வயதில் தாயுடன் தெல்லிப்பழைக்கு வந்த செல்வநாயகம், யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் பயின்று, லண்டன் பல்கலைக்கழகத்தின் அறிவியல் பட்டத்தை வெளிவாரியாகப் பெற்றார். ஆசிரியராகச் சில காலம் பணியாற்றிய பின் சட்டம் பயின்று, கொழும்பில் குடியியல் வழக்குகளில் பெயர்பெற்ற வழக்கறிஞரானார். மெலிந்த உடல், தணிந்த குரல், சிறுபான்மையிலும் சிறுபான்மையான கிறிஸ்தவ சமயம் என்று, வெகுஜனத் தலைவருக்கு வேண்டியவை எனக் கருதப்பட்ட எதுவும் அவரிடம் இல்லை. தமிழ்க் காங்கிரஸ் வேட்பாளராக 1947-இல் காங்கேசன்துறையில் வென்று நாடாளுமன்றம் சென்றபோது அவருக்கு வயது 49.

விடுதலை பெற்ற ஆண்டிலேயே, 1948-இல், இலங்கையின் குடியுரிமைச் சட்டம் வந்தது. எந்த இனத்தின் பெயரும் அதில் இல்லை. நாட்டில் பிறந்திருந்தால் மட்டும் போதாது. தந்தை இலங்கையில் பிறந்திருக்க வேண்டும் அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் அங்கே பிறந்திருக்க வேண்டும் என்றது சட்டம். தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவரிடம் அதற்கான சான்று ஏது? சுமார் 7 லட்சம் பேர் நாடற்றவராயினர். இத்தனைக்கும் அவர்களின் முன்னோர் திருட்டுத்தனமாக நுழைந்தவர்கள் அல்லர். கங்காணிகளால் திரட்டப்பட்டு, மண்டபம் முகாமில் மருத்துவச் சோதனை முடித்து, ஆங்கிலேய அரசு அறியவே கப்பலேறியவர்கள் அவர்களில் எண்ணற்றோர்.

ஈப்போவில் பிறந்த செல்வநாயகம் பரம்பரையின் பலத்தால் குடிமகன்; ஹட்டனில் பிறந்த தொழிலாளி அந்நியன். இந்த முரணின் பயனை அனுபவித்தவரே அதை எதிர்த்து நின்றார். இன்று இந்திய வம்சாவளியினருக்கு நேர்வது, மொழிப் பிரச்சினை எழும் நாளில் இலங்கைத் தமிழருக்கும் நேரும் என்று நாடாளுமன்றத்தில் எச்சரித்தார். கட்சித் தலைவர் ஜி.ஜி. பொன்னம்பலம் அரசில் சேர்ந்து அமைச்சரானபோது, செல்வநாயகம் அவரிடமிருந்து பிரிந்தார். கு. வன்னியசிங்கம், இ.மு.வி. நாகநாதன் ஆகியோருடன் 1949 டிசம்பர் 18 அன்று இலங்கைத் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார்.

அதற்கான விலை உடனே கேட்கப்பட்டது. 1947 தேர்தலில் மலையக மக்கள் ஏழு பேரைத் தங்கள் பிரதிநிதிகளாக அனுப்பியிருந்தனர். 1949-இல் வாக்குரிமையும் பறிக்கப்பட, 1952-இல் அந்த எண்ணிக்கை பூஜ்யமானது. அதே தேர்தலில் செல்வநாயகமும் காங்கேசன்துறையில் தோற்றார். யாருக்காகக் கட்சியை உடைத்தாரோ, அவர்களிடம் அவருக்கு அளிக்க வாக்கே இல்லை. வாக்கு இருந்த யாழ்ப்பாணத்திலோ, மலையகத் தொழிலாளியைத் தன்னவன் என்று கருதும் மனம் அன்று பரவலாக இருக்கவில்லை.

அவருடைய எச்சரிக்கை பலிக்க நெடுநாள் ஆகவில்லை. 1956-இல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி ஆனது. ஆண்டு 1957-இல் பண்டாரநாயக்கவுடன் அவர் செய்துகொண்ட ஒப்பந்தத்தில், குடியுரிமைச் சிக்கல் விரைவில் பரிசீலிக்கப்படும் என்ற அளவுக்கே இடம்பெற்றது. கட்சி பிறக்கக் காரணமான கோரிக்கை, மொழியும் நிலமும் முன்னுக்கு வந்தபோது பின்னுக்குப் போனது என்ற விமர்சனம் நியாயமானதே. அந்த ஒப்பந்தமும் மறு ஆண்டே கைவிடப்பட்டது. 1964-இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் கையெழுத்திட்ட உடன்பாடு 9,75,000 மனிதர்களைக் கணக்குப் போட்டுப் பிரித்தது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி பிறகு பார்க்கப்படும் என்று. பங்கிடப்பட்டவர்களின் விருப்பத்தை யாரும் கேட்கவில்லை.

நடுக்குவாத நோயாலும் செவிக்குறைவாலும் தளர்ந்த நிலையிலும் அறவழியை விட்டு விலகாத செல்வநாயகம், 1977 ஏப்ரல் 26 அன்று மறைந்தார். எஞ்சியிருந்த நாடற்றோர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டத்தை இலங்கை நாடாளுமன்றம் நிறைவேற்றியது 2003-இல். அவர் மறைந்து 26 ஆண்டுகளுக்குப் பிறகு.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. 1983-க்குப் பிறகு போருக்கு அஞ்சித் தமிழகம் வந்த அகதிகளில், இங்கிருந்து சென்றவர்களின் வழித்தோன்றல்களும் உண்டு. முன்னோர் கப்பலேறிய அதே மண்டபத்தில் அவர்கள் முகாமிடப்பட்டனர். இந்தியக் குடியுரிமைச் சட்டத்தின் பார்வையில் அவர்களுக்கு இடப்பட்ட பெயர், சட்டவிரோதக் குடியேறிகள். அங்கே கள்ளத்தோணி, இங்கேயும் அதன் இன்னொரு வடிவம்.

எல்லையைக் காப்பது எந்த அரசுக்கும் உரிய கடமை. அதைச் செல்வநாயகம் மறுத்ததில்லை. எல்லை தாண்டியவன் யார் என்ற கேள்வி, இவன் எந்த இனத்தவன் என்ற கேள்வியாக உருமாறும் இடத்தில்தான் அவர் குறுக்கே நின்றார். தன் குடியுரிமைக்கு ஆபத்து வராத நாளிலேயே பிறர் குடியுரிமைக்காகப் பேசியவர் என்பதே அவர் விட்டுச்சென்ற பாடம். தன் வீட்டுக் கதவு தட்டப்பட்ட பிறகு எழுப்பும் குரல், பெரும்பாலும் காலம் கடந்த குரலாகவே இருக்கும்.