அட்வைஸ் பண்ணினால் யாராவது மாறுவார்களா? 3-க்கும் 32-க்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்டிய கர்ட் லெவின்!

தினமும் வாக்கிங் போகச் சொல்லி வீட்டில் எத்தனை முறை சொன்னாலும் அப்பா கேட்க மாட்டார். ஆபீஸில் புது விதி வந்தால், எல்லோரும் மெயிலைப் படித்துவிட்டுப் பழைய மாதிரியே வேலை பார்ப்பார்கள். நல்லதைச் சொன்னாலும் மனிதர்கள் ஏன் மாறுவதில்லை? 80 ஆண்டுகளுக்கு முன்பே இதைச் சோதித்துப் பார்த்தவர் கர்ட் லெவின். சமூக உளவியலின் முன்னோடிகளில் ஒருவர். யார் இவர்? என்ன கண்டுபிடித்தார்?

கடைக்காரர் மகன்

1890 செப்டம்பர் 9-ம் தேதி மொகில்னோ என்ற சிற்றூரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார் லெவின். அப்போது ஜெர்மனியின் பிரஷ்யப் பகுதியில் இருந்த அந்த ஊர், இப்போது போலந்தில் இருக்கிறது. கீழே அப்பாவின் கடை, மாடியில் வீடு. 1905-ல் குடும்பம் பெர்லினுக்குக் குடிபெயர்ந்தது.

முதல் உலகப் போரில் ஜெர்மன் ராணுவத்தில் சேர்ந்து சண்டையிட்டவர், காயம்பட்டார். இரும்புச் சிலுவை பதக்கமும் கிடைத்தது. போருக்குப் பிறகு பெர்லினில் உளவியல் ஆய்வில் இறங்கினார். ஒருவரின் நடத்தைக்கு அவருடைய குணம் மட்டும் காரணமில்லை, அந்த நேரத்தில் அவரைச் சுற்றியுள்ள சூழலும் சேர்ந்துதான் அதைத் தீர்மானிக்கிறது என்பது அவருடைய அடிப்படைக் கருத்து.

நாட்டை விட்டு வெளியேறினார்

1933-ல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் யூதப் பேராசிரியர்களின் வேலை பறிபோனது. போரில் சண்டையிட்டவர்களுக்கு அப்போது விலக்கு இருந்தது. ஆனாலும் லெவின் அங்கே இருக்க விரும்பவில்லை. குடும்பத்தோடு அமெரிக்கா சென்றார். முதலில் கார்னெல் பல்கலைக்கழகம், 1935 முதல் அயோவா பல்கலைக்கழகம். ஐரோப்பாவிலேயே இருந்துவிட்ட அவருடைய அம்மா, பின்னாளில் நாஜி வதை முகாமில் கொல்லப்பட்டார்.

அதிகாரம் மனிதர்களை என்ன செய்கிறது என்ற கேள்வி லெவினை விடவில்லை. 1930-களின் இறுதியில், தன் மாணவர்களோடு சேர்ந்து சிறுவர் குழுக்களை வைத்து ஓர் ஆய்வு நடத்தினார். அதட்டி வேலை வாங்கும் தலைவர் வெளியே போனதும் சிறுவர்களின் வேலை சரிந்தது. கலந்து பேசி முடிவெடுத்த குழுவிலோ, தலைவர் இல்லாதபோதும் வேலை நடந்தது.

அந்த 32 சதவீதம்

இரண்டாம் உலகப் போர் நேரம். அமெரிக்காவில் நல்ல இறைச்சி போர்முனைக்குப் போனது. மாட்டின் இதயம், சிறுநீரகம் போன்றவற்றைச் சமைக்கச் சொன்னது அரசுத் தரப்பு. மக்களோ முகம் சுளித்தார்கள். இந்தப் பிரச்சினை, மானுடவியலாளர் மார்கரெட் மீட் செயலாளராக இருந்த உணவுப் பழக்கக் குழு வழியாக லெவினிடம் வந்தது.

சாப்பாட்டு மேஜைக்கு என்ன வரும் என்பதை முடிவு செய்வது யார் என்று முதலில் பார்த்தார். பெரும்பாலும் இல்லத்தரசிகள்தான். அவர்களை ஆறு குழுக்களாகப் பிரித்தார். மூன்று குழுக்களுக்குச் சொற்பொழிவு: சத்து என்ன, செலவு எவ்வளவு, நாட்டுக்கு என்ன நன்மை. மற்ற மூன்று குழுக்களில் கலந்துரையாடல். கணவர் சாப்பிட மாட்டார், சமைக்கும்போது வாடை வரும் என்ற தயக்கங்களை எல்லாம் அவர்களே பேசினார்கள். கடைசியில் எத்தனை பேர் முயன்று பார்க்கத் தயார் என்று கேட்டு, கை தூக்கச் சொன்னார்கள்.

பிறகு விசாரித்தபோது, அதுவரை சமைக்காத இறைச்சி ஒன்றைச் சமைத்துப் பரிமாறியவர்கள் சொற்பொழிவு கேட்டவர்களில் 3 சதவீதம்தான். கலந்து பேசியவர்களில் 32 சதவீதம்!

ஏன் இப்படி? சொற்பொழிவு கேட்பவர் தனியாக இருக்கிறார். பக்கத்தில் இருப்பவர் மனதில் என்ன ஓடுகிறது என்பது அவருக்குத் தெரியாது. குழுவிலோ மற்றவர்கள் கை தூக்குவது கண்ணுக்குத் தெரிகிறது. தானும் எல்லோர் முன்னிலையிலும் ஒரு முடிவு எடுத்தாச்சு. அதை மீறுவது கஷ்டம்.

இந்த ஆய்வில் ஒரு குறையும் உண்டு. பின்னால் வந்து விசாரிப்போம் என்று கலந்துரையாடல் குழுக்களுக்கு மட்டும்தான் சொல்லியிருந்தார்கள். 1955-ல் வெளியான எடித் பென்னட்டின் ஆய்வு இன்னும் தெளிவாகப் பிரித்துக் காட்டியது. பலன் தந்தது பேச்சு அல்ல. முடிவெடுத்ததும், மற்றவர்களும் சம்மதிக்கிறார்கள் என்று உணர்ந்ததும்தான்.

தொழிற்சாலையிலும் இதே கதை

வர்ஜீனியா மாநிலத்தின் மரியன் ஊரில் இருந்த ஹார்வுட் பைஜாமா ஆலையோடும் லெவின் சேர்ந்து வேலை செய்தார். அவர் வழியில் அங்கே நடந்த ஓர் ஆய்வு 1948-ல் வெளியானது. ஆலையில் வேலைமுறையை மாற்றியபோது, வெறும் அறிவிப்பு மட்டும் பெற்ற குழுவில் உற்பத்தி சரிந்தது. 40 நாட்களுக்குள் 17 சதவீதம் பேர் வேலையை விட்டுப் போனார்கள். மாற்றத்தைத் திட்டமிடுவதில் எல்லோரும் பங்கேற்ற குழுக்களில் அதே காலத்தில் ஒருவர்கூட விலகவில்லை. உற்பத்தியும் பழைய அளவைத் தாண்டியது.

அந்த முடிவு வெளியாவதைப் பார்க்க லெவின் உயிரோடு இல்லை. 1947 பிப்ரவரி 12-ம் தேதி மாரடைப்பால் இறந்தார். வயது 56.

இன்று பல நிறுவனங்களில் நடக்கும் குழுப் பயிற்சிகளிலும், ஊழியர்களிடம் கருத்துக் கேட்கும் கூட்டங்களிலும் லெவினின் தாக்கம் இருக்கிறது. ஆனால் ஒன்று. முடிவை முன்பே எடுத்துவிட்டு, பேருக்குக் கூட்டம் போட்டால் அது வெறும் சொற்பொழிவுதான். வீட்டிலும் அப்படித்தான். அப்பாவை வாக்கிங் போகச் சொல்வதைவிட, எத்தனை மணிக்குப் போகலாம், யார் கூட வருவது என்று வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பேசி, அவரையே முடிவு செய்யச் சொல்லிப் பார்க்கலாம்.