காசிமிர் ஃபஜான்ஸ்

காசிமிர் ஃபஜான்ஸ் (மே 27, 1887 – மே 18, 1975) போலந்தில் பிறந்து ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் பணியாற்றிய வேதியியலாளர் ஆவார். கதிரியக்கத் தனிமங்களின் தொகுதி இடப்பெயர்ச்சி விதியைக் கண்டறிந்தவர்களுள் ஒருவர். அயனிப் பிணைப்பில் சகப்பிணைப்புத் தன்மை தோன்றுவதை விளக்கும் ஃபஜான்ஸ் விதிகள் இவர் பெயரால் அழைக்கப்படுகின்றன. வெள்ளியின் ஆலைடு உப்புகள் இவ்விதிகளுக்குச் சிறந்த எடுத்துக்காட்டாகும்.

இளமையும் கல்வியும்

ஃபஜான்ஸ் அன்றைய ரஷ்யப் பேரரசின் ஆட்சியில் இருந்த வார்சா நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். லைப்சிக், ஹைடல்பர்க் பல்கலைக்கழகங்களில் பயின்று, 1909ஆம் ஆண்டு ஹைடல்பர்க்கில் முனைவர் பட்டம் பெற்றார். 1910ஆம் ஆண்டு மான்செஸ்டர் சென்று எர்னஸ்ட் ரதர்ஃபோர்டின் ஆய்வகத்தில் கதிரியக்கம் பற்றி ஆராய்ந்தார். பின்னர் ஜெர்மனி திரும்பி கார்ல்ஸ்ரூ தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பணியில் சேர்ந்தார்.

கதிரியக்க ஆய்வுகள்

ஓர் அணு ஆல்ஃபா துகளை வெளியிடும்போது தனிம அட்டவணையில் இரண்டு இடங்கள் இடப்புறமும், பீட்டா துகளை வெளியிடும்போது ஓர் இடம் வலப்புறமும் நகர்கிறது என்பதை ஃபஜான்சும் ஃபிரெடெரிக் சாடியும் 1913ஆம் ஆண்டு தனித்தனியே வெளியிட்டனர். அதே ஆண்டில் ஃபஜான்சும் ஓஸ்வால்ட் கோரிங்கும் 91ஆம் தனிமத்தைக் கண்டறிந்தனர். அவர்கள் கண்ட ஐசோடோப்பின் அரைவாழ்வுக் காலம் ஏறத்தாழ ஒரு நிமிடமே என்பதால் அதற்குப் பிரீவியம் எனப் பெயரிட்டனர். பிற்காலத்தில் நெடுநாள் நிலைக்கும் ஐசோடோப்பு கண்டறியப்பட்டதும் புரோட்டாக்டினியம் என்ற பெயரே நிலைத்தது. சாடிக்கு 1921ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு கிடைத்தது. ஃபஜான்சுக்கு அப்பரிசு ஒருபோதும் கிடைக்கவில்லை.

வெள்ளி உப்புகளும் பிணைப்பும்

1917ஆம் ஆண்டு மியூனிக் பல்கலைக்கழகத்திற்குச் சென்ற ஃபஜான்ஸ், வேதிப் பிணைப்பின்பால் கவனத்தைத் திருப்பினார். வெள்ளி அயனியின் ஆரம் ஏறத்தாழ 115 பிக்கோமீட்டர். இது சோடியம் அயனிக்கும் (102) பொட்டாசியம் அயனிக்கும் (138) இடைப்பட்டது. மூன்றும் ஒற்றை நேர்மின்சுமை உடையவை. எனவே இவற்றின் உப்புகள் ஒத்த பண்புகளைக் கொண்டிருத்தல் வேண்டும். ஆனால் சோடியம் குளோரைடு 801 டிகிரி செல்சியசில் உருக, வெள்ளி குளோரைடு 455 டிகிரியிலேயே உருகுகிறது. நீரில் மிகச் சிறிதளவே கரைகிறது.

இவ்வேறுபாட்டிற்கான காரணத்தை ஃபஜான்ஸ் 1923ஆம் ஆண்டு விளக்கினார். நேர்மின் அயனி தன் அருகிலுள்ள எதிர்மின் அயனியின் எலக்ட்ரான் முகிலைத் தன்பால் ஈர்த்து உருக்குலைக்கிறது. நேர்மின் அயனி சிறியதாகவும், எதிர்மின் அயனி பெரியதாகவும், மின்சுமைகள் அதிகமாகவும் இருந்தால் இவ்வுருக்குலைவு மிகும். சோடியம் அயனியின் வெளிக்கூட்டில் 8 எலக்ட்ரான்களே உள்ளன. வெள்ளி அயனியில் 18 உள்ளன. இவை அணுக்கருவின் ஈர்ப்பை முழுமையாக மறைப்பதில்லை. ஆதலால் வெள்ளி அயனி கூடுதலாக முனைவுறச் செய்கிறது.

படிக அமைப்பிலும் இதைக் காணலாம். வெள்ளியின் ஃபுளோரைடு, குளோரைடு, புரோமைடு ஆகியவை சோடியம் குளோரைடைப் போன்றே ஒவ்வோர் அயனியைச் சுற்றியும் 6 அயனிகளைக் கொண்டுள்ளன. ஆரங்களின் விகிதத்தை மட்டும் கணக்கிட்டால் அயோடைடிலும் 6 அயனிகளே அமைய வேண்டும். ஆனால் அறை வெப்பநிலையில் வெள்ளி அயோடைடில் ஒவ்வோர் அயனியையும் நான்முகி வடிவில் 4 அயனிகளே சூழ்ந்துள்ளன. இது சகப்பிணைப்புத் தன்மையின் அடையாளமாகும். ஃபுளோரைடு நீரில் மிகுதியாகக் கரைவதும், குளோரைடு முதல் அயோடைடு வரை கரைதிறன் படிப்படியாகக் குறைவதும், அதே வரிசையில் நிறம் வெண்மையிலிருந்து மஞ்சளாக மாறுவதும் இவ்விளக்கத்துடன் பொருந்துகின்றன.

ஃபஜான்ஸ் தரம்பார்த்தல் முறை

1923ஆம் ஆண்டு ஃபஜான்சும் ஓட் ஹாசலும் வெள்ளி நைட்ரேட்டைக் கொண்டு குளோரைடின் அளவைக் காணும் முறை ஒன்றை வெளியிட்டனர். கரைசலில் குளோரைடு எஞ்சியிருக்கும் வரை வீழ்படிவின் பரப்பு எதிர்மின்சுமை கொண்டிருக்கும். அது தீர்ந்ததும் வெள்ளி அயனிகள் பரப்பில் படிந்து நேர்மின்சுமை தோன்றும். அப்போது ஃபுளோரசீன் சாயத்தின் எதிர்மின் அயனிகள் பரப்பில் ஒட்டி இளஞ்சிவப்பாக மாறி, முடிவு நிலையைக் காட்டும்.

புலம்பெயர்வும் பிற்காலமும்

ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் நிதியுதவியுடன் மியூனிக்கில் எழுப்பப்பட்ட இயற்பியல் வேதியியல் நிறுவனம் 1932ஆம் ஆண்டு ஃபஜான்சின் தலைமையில் திறக்கப்பட்டது. நாசி ஆட்சியின் யூத எதிர்ப்புக் கொள்கையால் 1935ஆம் ஆண்டு அவர் ஜெர்மனியை விட்டு வெளியேற நேர்ந்தது. சிறிது காலம் கேம்பிரிட்ஜில் தங்கியபின், 1936ஆம் ஆண்டு அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். 1957ஆம் ஆண்டு ஓய்வுபெற்று, ஆன் ஆர்பர் நகரில் காலமானார். நீரிழிவு நோய் ஆய்வாளர் ஸ்டெஃபான் ஃபஜான்ஸ் இவருடைய மகன் ஆவார்.

மதிப்பீடு

அமெரிக்காவில் அவர் குவாண்டிகியூல் கோட்பாடு என்ற புதிய பிணைப்புக் கோட்பாட்டை முன்வைத்தார். எலக்ட்ரான் இணையை இரு அணுக்கள் பகிர்கின்றன என்ற கருத்தை அடிப்படையாகக் கொள்ளாமல், அயனிகளின் முனைவாக்கத்தைக் கொண்டே மூலக்கூறுகளை விளக்க முயன்றார். குவாண்டம் இயங்கியலைச் சார்ந்த லைனஸ் பாலிங்கின் முறை பரவிய அக்காலத்தில் இக்கோட்பாடு ஏற்கப்படவில்லை. ஆயினும் தூய அயனிப் பிணைப்புக்கும் தூய சகப்பிணைப்புக்கும் இடையே கூர்மையான எல்லை இல்லை என்பதில் இருவரின் முடிவும் ஒன்றே. பாலிங் இதைச் சகப்பிணைப்பிலிருந்து தொடங்கி அடைந்தார்; ஃபஜான்ஸ் அயனியிலிருந்து தொடங்கி அடைந்தார். ஃபஜான்ஸ் விதிகள் எண்ணளவில் துல்லியமான மதிப்புகளைத் தருவதில்லை. எனினும் ஓர் உப்பின் தன்மையை முன்கூட்டியே ஊகிக்க உதவுவதால் அவை மேனிலைப் பள்ளி வேதியியலில் தொடர்ந்து கற்பிக்கப்படுகின்றன.