விரைவை ஆண்ட நிதானம்

விரைவையே உயிர்நிலையாகக் கொண்டது மோட்டார்ப் பந்தயம். அத்துறையில் நிதானத்தால் நிலைபெற்றவர் அர்ஜென்டினா நாட்டின் ஜுவான் மானுவல் ஃபாங்கியோ. 1951, 1954, 1955, 1956, 1957 ஆகிய ஐந்தாண்டுகளில் அவர் உலக வாகையர் பட்டம் சூடினார். 2003இல் மைக்கேல் சூமாக்கர் ஆறாவது பட்டம் பெறும்வரை அந்த எண்ணிக்கையை எவரும் விஞ்சவில்லை.

இத்தாலியிலிருந்து குடியேறிய எளிய குடும்பமொன்றில், பால்கார்சே என்னும் சிற்றூரில் 1911 ஜூன் 24ஆம் நாள் அவர் பிறந்தார். சிறுவயதிலேயே பள்ளியை விட்டு மோட்டார்ப் பட்டறைக்குச் சென்றார். எந்திரத்தைப் பழுது பார்த்துப் பழகிய கை, அதன் தாங்கும் எல்லையையும் அறிந்துகொண்டது. 1940இல் புவனஸ் அயர்ஸிலிருந்து லிமா வரை சென்று திரும்பும் நெடும் பந்தயத்தில் வென்றார். 1948இல் பெரு நாட்டில் அவர் ஓட்டிய கார் விபத்துக்குள்ளாகி, உடனிருந்த தோழர் டேனியல் உர்ரூட்டியா உயிரிழந்தார். அத்துயரைத் தாங்கியவாறே ஐரோப்பியக் களம் புகுந்தார். முதற்பட்டம் பெற்றபோது அவருக்கு வயது நாற்பது.

நிதானம் தவறிய வேளையும் உண்டு. 1952 ஜூனில் வட அயர்லாந்தில் ஒரு பந்தயத்தில் கலந்துகொண்டவர், விமான இணைப்புத் தவறியதால் இரவெல்லாம் காரோட்டி, இத்தாலியின் மோன்சாவை அடைந்தார். சற்றும் ஓய்வின்றிக் களமிறங்கியதால் விபத்து நேர்ந்து கழுத்தெலும்பு முறிந்தது. அவ்வாண்டின் எஞ்சிய போட்டிகள் அனைத்தையும் இழந்தார்.

1956இல் அதே மோன்சாவில் அவரது கார் பழுதுற்றது. தாமும் பட்டம் வெல்லும் வாய்ப்பிலிருந்த பீட்டர் காலின்ஸ் என்னும் இருபத்துநான்கு வயது இளைஞர், தம் காரை மூத்தவருக்கு மனமுவந்து அளித்தார். அவ்வாண்டுப் பட்டம் ஃபாங்கியோவுக்குக் கிட்டியது.

மறு ஆண்டு 1957 ஆகஸ்ட் 4ஆம் நாள், ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் களத்தில் அதே காலின்ஸும் மைக் ஹாதார்னும் எதிரணியில் நின்றனர். எரிபொருள் நிரப்பவும் டயர் மாற்றவும் நின்ற ஃபாங்கியோ முக்கால் நிமிட அளவு பின்தங்கினார். பின்னர்ச் சுற்றுக்குச் சுற்று அக்களத்தின் சாதனையை முறியடித்து, இறுதிக்கு முந்தைய சுற்றில் இருவரையும் கடந்து, நான்கு வினாடிக்கும் குறைந்த இடைவெளியில் வென்றார். வாழ்நாள் முழுதும் காத்த எல்லையை நாற்பத்தாறாம் வயதில் அன்று மீறினார். அதுவே அவரது இருபத்துநான்காவது வெற்றி. உலக வாகையர் போட்டிகளில் இறுதி வெற்றியும் அதுவே.

1958இல் கியூபாவின் ஹவானா நகரில் காஸ்ட்ரோவின் புரட்சியாளர்கள் அவரைக் கடத்திச் சென்று, ஏறத்தாழ ஒரு நாள் கழித்துத் தீங்கின்றி விடுவித்தனர். அவர்கள்மேல் அவர் பகைமை பாராட்டவில்லை. அவ்வாண்டு ஜூலையில் பிரான்சு நாட்டுப் போட்டியுடன் களத்திலிருந்து விலகினார். அடுத்த மாதமே நூர்பர்க்ரிங்கில் காலின்ஸ் விபத்தில் மாண்டார். தோழர் பலரைக் களம் விழுங்கிய காலத்தில், ஃபாங்கியோ 1995 ஜூலை 17 வரை வாழ்ந்து பால்கார்சே மண்ணிலேயே அடங்கினார்.

முந்துவதற்குத் துணிவு போதும். நிற்கவேண்டிய இடத்தை அறிவதற்கோ தெளிவு வேண்டும். இரண்டும் ஒருங்கே வாய்த்த இவ்வாழ்வு மாணாக்கர் உளங்கொளத் தக்கது.