சார்லஸ் ஹக்கின்ஸ்

கனடா தேசத்தில் நோவா ஸ்கோஷியா மாகாணத்தின் தலைநகராகிய ஹாலிஃபாக்ஸில், மருந்து கலந்து கொடுக்குந் தொழிலினர் ஒருவரின் மைந்தராக, 1901-ஆம் ஆண்டு செப்டம்பர் 22-ஆம் நாள் சார்லஸ் பிரென்டன் ஹக்கின்ஸ் பிறந்தார். பாப்டிஸ்டு சபையார் 1838-இல் நிறுவிய அக்கேடியா கல்லூரியில் பயின்று, இருபது வயது நிரம்புமுன்னரே 1920-இல் பட்டம் பெற்றார். நம் கல்லூரியைப் போலவே சபையொன்றின் முயற்சியால் எழுந்த கல்லூரியொன்றில் இவர் பயின்றாரென்பது நமக்கு மகிழ்ச்சி தருவதே. 1924-இல் ஹார்வர்டில் வைத்தியப் பட்டமும், பின்னர் மிச்சிகனில் ரணசிகிச்சைப் பயிற்சியும் பெற்று, 1927-இல் சிகாகோ சர்வகலாசாலையில் புதிதாய் எழுந்த வைத்தியக் கல்லூரியில் ஆசிரியரானார்.

அங்கே அவருக்கு அளிக்கப்பட்ட துறை சிறுநீருறுப்புகளின் சிகிச்சை. அவர் அதனைத் தாமாக விரும்பித் தெரிந்தவரல்லர். அதிற் பெரும்பயிற்சி உடையவருமல்லர். ஆயினும் முகஞ்சுளியாது ஏற்றுக்கொண்டார்.

ஆடவரின் சிறுநீர்ப்பைக்குக் கீழே புராஸ்டேட் என்றொரு சுரப்பி உண்டு. முதுமையில் அதிற் புற்றுநோய் தோன்றி எலும்புகளிற் பரவுமாயின், அக்காலத்து வைத்தியர் நோவைத் தணிப்பதன்றி வேறொன்றுஞ் செய்ய இயலாதிருந்தனர். அச்சுரப்பி நீரின் இயல்பை அறிய விழைந்த ஹக்கின்ஸ், நாய்களில் அந்நீரைத் தனியே சேகரிக்கும் முறையொன்றை வகுத்தார். முதிர்ந்த நாய்கள் சிலவற்றில் அச்சுரப்பியிற் கட்டிகள் இருந்தமை அவர்தம் அளவைகளுக்கு முதலில் இடையூறாகவே தோன்றிற்று. ஆனால் விதைகளை நீக்கியவிடத்தும், ஈஸ்ட்ரோஜன் என்னும் பெண்மைக்குரிய ஹார்மோனை அளித்தவிடத்தும் அக்கட்டிகள் சுருங்கின. இடையூறே வழிகாட்டியாயிற்று! ஹார்மோன் என்பது உடலின் ஓரிடத்திற் சுரந்து, இரத்தத்திற் கலந்து, மற்றோரிடத்தை இயக்கும் பொருள். விதைகளிற் சுரக்கும் ஹார்மோனே அக்கட்டிகளை ஊட்டி வளர்த்ததென்று அவர் தெளிந்தார்.

1941-இல் தம் மாணாக்கரான கிளாரன்ஸ் ஹாட்ஜஸ் என்பாருடன் இவ்வுண்மையை மனிதரிடத்தும் காட்டினார். நோய் எலும்பிற் பரவியோரின் இரத்தத்தில் அமில ஃபாஸ்ஃபடேஸ் என்னும் நொதி மிகுந்திருக்கும். விதைகளை நீக்கிய பின்னரும் ஈஸ்ட்ரோஜன் அளித்த பின்னரும் அது குறைந்தது. ஆண்மைக்குரிய ஹார்மோனைச் செலுத்தியபோது ஏறிற்று. நோயாளியின் சொல்லை மாத்திரம் நம்பாது, நோயின் ஏற்றத்தாழ்வை அளந்தறிய இதனால் வழி பிறந்தது. நோயாளிகளிற் பலருக்கோ அளவைக்கருவி வேண்டியதில்லை. எலும்பு நோவால் துயிலிழந்து, உணவை வெறுத்து மெலிந்தோர், நோவு தணிந்து உண்ணத் தொடங்கி, உடல் தேறினர்.

1938-இல் இங்கிலாந்தில் சார்லஸ் டாட்ஸ் முதலியோர் ஆக்கிய ஸ்டில்பெஸ்ட்ரால் வாயால் உட்கொள்ளத்தக்கதாதலின், இச்சிகிச்சை விரைவிற் பரவிற்று. ஆயினும் இது நோயை வேரறுக்கவில்லை. முதன்முதல் விதைகளை நீக்கிச் சிகிச்சை பெற்ற 21 பேரில் 12 ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தோர் நால்வரே. பெரும்பாலோரிடத்து நோய் மீண்டும் தலையெடுத்தது. ஸ்டில்பெஸ்ட்ராலால் இரத்தம் உறைதலும் இதயக்கேடும் நேர்ந்தமையும் பிற்காலத்தில் வெளிப்பட்டது. இன்று வேறு மருந்துகளே பெரிதும் வழங்குகின்றன. இக்குறைகளை மறைத்து அவரைப் புகழ்தல் அவருக்குச் சிறப்பாகாது. புற்றுநோய் உடலின் ஆணைக்கு முற்றும் அடங்காத கலகக்காரன் என்று பலரும் எண்ணியிருந்த காலத்தில், அதனுட் சில வகைகள் உடலின் ஹார்மோன்களையே நம்பி வாழ்கின்றன என்று காட்டியதே அவர் செய்த பேருபகாரம்.

அவர் திறந்த வழியிற் பின்னர் வந்த ஹார்மோன் மருந்துகளுள் மெஜெஸ்ட்ரால் ஒன்று. மார்பகத்திலும் கருப்பையிலும் தோன்றும் புற்றுநோய்க்கு அதனை அளித்தபோது, நோயாளிகளுக்குப் பசி மிகுந்து எடை கூடியதை வைத்தியர் கண்டனர். அதுமுதல் பசியிழந்து மெலிவோர்க்கு, அப்பசியின் பொருட்டே அதனை அளிக்கலாயினர். கூடும் எடை பெரும்பாலும் கொழுப்பேயன்றித் தசையன்று. இரத்தம் உறையும் அச்சமும் உண்டு. எனினும் நாட்கணக்கில் உணவை மறுத்த நோயாளி ஒரு வாய் சோறு கேட்பது வீட்டாருக்கு எத்தகைய ஆறுதலென்பதை, அருகிருந்து பார்த்தவரே அறிவர்.

ஹக்கின்ஸுக்கு 1966-இல் நோபெல் பரிசு கிடைத்தது. உடன் பெற்றவர் 87 வயதினரான பெய்டன் ரௌஸ்; கோழிகளின் கட்டியைப் பற்றி 1911-இல் வெளியிட்டதற்கு அவர் 55 ஆண்டுகள் காத்திருந்தார். ஹக்கின்ஸ் காத்திருந்தது 25 ஆண்டுகளே. 1972 முதல் 1979 வரை, தாம் இளமையிற் பயின்ற அக்கேடியாவுக்கே வேந்தராக வீற்றிருந்து, 1997-ஆம் ஆண்டு ஜனவரி 12-ஆம் நாள் சிகாகோவில் தமது 95-ஆம் வயதிற் காலமானார்.