மருத்துவ ஆய்வாளர் வூ லியன் தே

மலாயா ஈன்ற மருத்துவ மேதைகளுள் ஒருவர் டாக்டர் வூ லியன் தே. இவர் 1879ஆம் ஆண்டு பினாங்கில் பொற்கொல்லர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். அரசியாரின் உபகாரச் சம்பளம் பெற்று, 1896இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயிலச் சென்றார். பின்னர் லிவர்பூல், பாரிஸ் முதலிய நகரங்களில் ஆய்வுப் பயிற்சியும் பெற்றார்.

1903இல் அவர் தாயகம் திரும்பினார். அக்காலத்தில் அரசு மருத்துவத் துறையின் உயர்பதவிகள் ஐரோப்பியருக்கே வழங்கப்பட்டன. எனவே, கல்விக்கேற்ற பதவி அவருக்குக் கிட்டவில்லை. எனினும், அவர் மனம் தளரவில்லை. கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தில் ஓராண்டு ஆய்வு செய்ய முற்பட்டார்.

எதை ஆராய்வது? அன்று ஈயச் சுரங்கத் தொழிலாளர் பலரைப் பெரிபெரி நோய் வாட்டியது. கால்கள் மரத்துப்போகும், உடல் வீங்கும், இறுதியில் இதயம் செயலிழக்கும். தம் நாட்டு ஏழைகளைக் கொன்ற அந்நோயையே அவர் தேர்ந்தெடுத்தார். விடை அவருக்கு வாய்க்கவில்லை. சில ஆண்டுகளுக்குப்பின், தவிடு நீக்கித் தீட்டிய வெள்ளையரிசியே காரணம் என அக்கழகத்தின் பிற ஆய்வாளர்கள் நிறுவினர். புழுங்கலரிசி உண்ட தமிழரை அந்நோய் பெரிதும் அண்டாததும் அதற்குத் தடயமாயிற்று.

வூவின் ஆய்வுப் பயிற்சி வீண்போகவில்லை. 1910இன் இறுதியில் மஞ்சூரியாவில் கொள்ளைநோய் பரவியது. ஏறத்தாழ 60,000 பேர் மாண்டனர். நோய் மூச்சுக்காற்றின்வழி பரவுவதைக் கண்டறிந்த வூ, துணியாலான முகக்கவசத்தை அணியச் செய்தார். சில மாதங்களில் நோய் அடங்கியது. 1960இல் பினாங்கில் அவர் மறைந்தாலும், அம்முகக்கவசம் இன்றும் உயிர்களைக் காத்து வருகிறது.