சங்கிலிச் சதமும் ஒரு வானநூலாரும்

பழங்காசு சேர்ப்போர் பெருவிருப்புடன் தேடும் செப்புக் காசுகளுள் ஒன்று, அமெரிக்க ஐக்கிய நாடு 1793ஆம் ஆண்டில் அடித்த ஒரு சதம். அதனை அடித்த நாணயசாலையின் முதற் பணிப்பாளர் டேவிட் ரிற்றன்ஹவுஸ். அக்காசின் படத்தை நோக்குந்தோறும் என் நெஞ்சம் காசை விட்டு அப்பெரியாரிடமே செல்கின்றது.

அவர் 1732ஆம் ஆண்டில் பிலடெல்பியா நகருக்கு அணித்தாய்ப் பிறந்தார். முன்னோர் காகிதம் செய்தவர், தந்தையார் உழவர். பள்ளியிற் கற்றது மிகச் சிறிது. தாய்மாமன் விட்டுச்சென்ற தச்சுக் கருவிகளும் நூல்களுமே அவர்க்கு ஆசிரியராயின. மணிக்கூடு செய்து பிழைத்த கை, பின்னர்க் கோள்களின் இயக்கங் காட்டும் பொறியையும் சமைத்தது. 1769ஆம் ஆண்டு யூன் 3ஆந் திகதி வெள்ளிக் கோள் கதிரவன் வட்டத்தைக் குறுக்கே கடந்ததை அவர் தம் பண்ணையிலிருந்தே அளந்தார். கோள் விளிம்பைத் தொட்ட கணத்தில் உணர்ச்சி மிகுதியாற் சோர்ந்து வீழ்ந்தார் என்பர். பிராங்கிளினுக்குப் பின் அமெரிக்க மெய்யியற் கழகத்தின் தலைமையும் அவரையே அடைந்தது.

1792இல் யோர்ச் வாசிங்டன் நாணயசாலையை அவரிடம் ஒப்புவித்தார். அப்போது அவர் அறுபது வயதினர், உடல்நலமுங் குன்றியவர். மறுவருடம் மார்ச் மாதத்திற் சதம் வெளிவந்தது. ஒருபுறம் விரிகூந்தலுடன் சுதந்திர நங்கை. மறுபுறம் பதினைந்து வளையங் கோத்த சங்கிலி. அச்சுருவை அமைத்தவர் அங்கே காசடிப்போர் தலைவராயிருந்த என்றி வொய்ட் என்பர். அவரும் மணிக்கூட்டுத் தொழிலினரே. பதினைந்து மாநிலங்களும் பிரியாது இணைந்தமையைக் காட்டவே சங்கிலி பொறித்தனர். பத்திரிகையிற் கண்டனம் எழுந்தது. நங்கை வெருண்டவள் போல் இருக்கின்றாள் என்றும், சங்கிலி சுதந்திரத்துக்குத் தீநிமித்தம் என்றும் குறை கூறினர். அடுத்த மாதமே சங்கிலி நீங்கி இலைமாலை வந்தது. அடித்த சங்கிலிச் சதங்கள் 36,103 மட்டுமே.

யான் அமைத்தவரைக் குறைகூறேன். யாப்பிலே சீரோடு சீரை இணைப்பது தளை. சிறையிலே காலைப் பிணிப்பதுந் தளை. நம் மாணாக்கர்க்கு இது புதிதன்று. ஆயினும் ஒன்று உறுத்துகின்றது. அதே 1793ஆம் ஆண்டு பெப்ருவரியில், தப்பியோடிய அடிமைகளைப் பிடித்து உடையவரிடம் ஒப்படைக்குஞ் சட்டத்தில் வாசிங்டன் கைச்சாத்திட்டார். காசின் சங்கிலி ஒரு மாதத்தில் அகன்றது. மாந்தரைப் பிணித்த சங்கிலி அகல 1865 வரை செல்லவேண்டியிருந்தது.

சேர்ப்போர் கருத்தூன்றி நோக்குவது வேறொன்று. முதலில் அடித்தவற்றில் நாட்டின் பெயர் முற்றுப்பெறாது, அமெரி என்றே நிற்கும். பின்னவற்றில் முழுப்பெயர் உண்டு. அருமைபற்றிக் குறைப்பெயர்க் காசுக்கே மதிப்பு மிகுதி.

ரிற்றன்ஹவுஸ் 1795இற் பதவி துறந்தார். இலண்டன் வேத்தியற் கழகம் அவரை உறுப்பினராக ஏற்றதும் அவ்வாண்டே. 1796 யூன் 26ஆந் திகதி காலமானார். நாணயசாலை நின்ற அதே ஏழாந் தெருவில், தம் வீட்டுத் தோட்டத்திற் கட்டிய வான்நோக்ககத்தின் தளத்தின் கீழேயே அவரை முதலில் அடக்கஞ் செய்தனர்.