ஆடாதவர் பெயரில் ஓர் ஆடுகளம்

அக்னி நட்சத்திரம் முடியும் தறுவாயில் பாரீஸ் நகரின் மேற்கு ஓரத்தில், செங்கல் தூள் பரப்பிய ஆடுகளங்களில் பிரெஞ்சு ஓபன் டென்னிஸ் போட்டி தொடங்கிவிடும். ஆண்டின் நான்கு பெரும் போட்டிகளில் மண் தரையில் ஆடப்படுவது இது ஒன்றுதான். தொலைக்காட்சி வர்ணனையாளர்கள் இதனை ரோலண்ட் காரோஸ் என்றே பெரும்பாலும் குறிப்பிடுகின்றனர். புதுச்சேரிக்காரர்களிடம் கேட்டால், கடைசி எழுத்தை விழுங்கி ரோலான் என்று உச்சரிக்க வேண்டும் எனத் திருத்துவார்கள்.

நெய்வேலி நகரியத்தின் செம்மண் ஆடுகளம் ஒன்றில் காலை நேரத்தில் பயிற்சி செய்யும் பக்கத்து வீட்டுக் கல்லூரி மாணவர் அண்மையில் என்னிடம் ஓர் ஐயத்தை எழுப்பினார். நடால் அங்கே 14 முறை கோப்பையை வென்றிருக்கிறார். அரங்கத்துக்கே தன் பெயரைத் தந்த அந்த ரோலண்ட் காரோஸ் எத்தனை முறை வென்றார் என்பது அவருடைய கேள்வி. ஒரு முறைகூட இல்லை என்றதும் அவர் நம்பவில்லை. காரோஸ் டென்னிஸ் வீரராகப் பெயர் எடுத்தவரே அல்லர், விமானி என்றதும் இன்னும் நம்பவில்லை.

காரோஸ் பிறந்த இடம் பிரான்ஸ் அன்று. இந்தியப் பெருங்கடலில், மொரீஷியஸுக்கு அருகே உள்ள ரீயூனியன் தீவின் தலைநகரான செயிண்ட் டெனியில் 1888 அக்டோபர் 6-ஆம் நாள் அவர் பிறந்தார். தந்தை ஒரு வழக்குரைஞர். பழைய தென்னார்க்காட்டு மாவட்டத்துக்காரனான எனக்கு அந்தத் தீவின் பெயரைக் கேட்டதும் டென்னிஸ் நினைவுக்கு வருவதில்லை. கரும்புதான் நினைவுக்கு வருகிறது.

பிரெஞ்சுக் குடியேற்றங்களில் 1848-இல் அடிமை முறை ஒழிக்கப்பட்டபோது, ரீயூனியனின் கரும்புத் தோட்ட முதலாளிகளுக்கு ஆள் பற்றாக்குறை ஏற்பட்டது. புதுச்சேரியிலும் காரைக்காலிலும் இருந்து ஒப்பந்தக் கூலிகளைக் கப்பலேற்றினார்கள். 1860-இல் பிரிட்டனும் பிரான்சும் செய்துகொண்ட உடன்படிக்கை, ஆங்கிலேயர் ஆண்ட பகுதிகளிலிருந்தும் ஆள் சேர்க்க வழிவிட்டது. ஐந்தாண்டு ஒப்பந்தம் என்று பெயர். பலர் திரும்பவே இல்லை. தோட்டங்களில் அவர்கள் நடத்தப்பட்ட விதம் குறித்த புகார்கள் பெருகியதால் 1882-இல் ஆங்கில அரசு அந்த ஆள் சேர்ப்பை நிறுத்தியது. காரோஸ் பிறந்தது அதற்கு ஆறு ஆண்டுகள் கழித்து. அவர் தவழ்ந்த தீவில் அப்போது தமிழர் குடியிருப்புகள் இருந்தன, மாரியம்மனும் தீமிதியும் இருந்தன. இன்றும் இருக்கின்றன. நெல்லிக்குப்பத்தில் 19-ஆம் நூற்றாண்டிலேயே சர்க்கரை ஆலை கண்ட மாவட்டம் எங்களுடையது. இங்கேயே கரும்பு இருக்க, அதே கரும்பை வெட்ட மக்கள் கடல் கடந்து போனார்கள் என்றால், கூலிக்கும் வறுமைக்கும் உள்ள கணக்கை வகுப்பறையில் விளக்க எனக்கு வேறு எடுத்துக்காட்டு தேவைப்பட்டதில்லை.

சிறுவனுக்கு நான்கு வயதானபோது குடும்பம் சைகோனுக்குக் குடிபெயர்ந்தது. அதுவும் புதுச்சேரித் தமிழர்கள் அரசு அலுவலர்களாகவும் நாட்டுக்கோட்டை நகரத்தார் வட்டிக்கடைக்காரர்களாகவும் நிறைந்திருந்த ஊர்தான். ஆக, ஐரோப்பாவைக் காணும் முன்னரே காரோஸ் வாழ்ந்த இரண்டு ஊர்களிலும் தமிழ் ஒலித்துக்கொண்டிருந்தது. அவர் காதில் அது விழுந்ததா என்பதைப் பற்றி எந்தக் குறிப்பையும் நான் படித்ததில்லை.

படிப்புக்காகப் பாரீஸுக்கு அனுப்பப்பட்ட சிறுவன் அங்கே நுரையீரல் அழற்சியால் படுத்துவிட்டான். உடலைத் தேற்ற மத்திய தரைக்கடல் ஓரத்துக் கான் நகருக்கு அனுப்பினார்கள். அங்கே மிதிவண்டி ஓட்டத் தொடங்கி, 1906-இல் பள்ளி மாணவர்களுக்கான மிதிவண்டிப் போட்டியில் தேசிய அளவில் வென்றார். பின்னர் பாரீஸின் புகழ்பெற்ற வணிகவியல் உயர்கல்விக் கூடத்தில் சேர்ந்தார். அங்கே உடன் படித்தவர் எமில் லெசியர் என்ற ரக்பி வீரர். அவருடைய தூண்டுதலால் ஸ்டாட் பிரான்சே என்ற விளையாட்டுக் கழகத்தில் உறுப்பினரானார். இந்தப் பெயர்கள் இரண்டையும் வாசகர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

வணிகப் பட்டம் பெற்ற கையோடு மோட்டார் வாகன விற்பனையில் இறங்கினார். இருபத்தொரு வயதில் பாரீஸில் சொந்தக் கடை. அந்தத் தொழில் அப்படியே வளர்ந்திருந்தால், வசதியான ஒரு வியாபாரியாக வாழ்ந்து மறைந்திருப்பார். ஆனால் 1909 ஆகஸ்டில் ரேம்ஸ் நகரில் நடந்த விமானக் காட்சியைப் பார்த்துவிட்டு வந்தவருக்குக் கடையில் மனம் ஒட்டவில்லை. மூங்கிலும் துணியும் கொண்டு செய்த, தும்பி போன்ற ஒரு சிறு விமானத்தை வாங்கினார். 1910-இல் உரிமம் பெற்றார்.

டென்னிஸ் ரசிகர்கள் கவனிக்காத ஒன்று இங்கே உண்டு. அந்தக் காலத்தில் டென்னிஸ் ஆடியவர்கள் பணம் வாங்கினால் இழுக்கு; கனவான்களின் ஆட்டம் அது. விமானமோட்டிகள் நிலை வேறு. நாளிதழ்கள் தங்கள் விற்பனையைப் பெருக்குவதற்காகப் பாரீஸிலிருந்து மாட்ரிடுக்கும் ரோமுக்கும் விமானப் பந்தயங்களை நடத்திப் பரிசுத் தொகை அறிவித்தன. காரோஸ் அந்தப் பரிசுகளையும் காட்சிக் கட்டணங்களையும் நம்பி வாழ்ந்தவர். அமெரிக்காவுக்குப் போய் ஒரு பறக்கும் காட்சிக் குழுவுடன் ஊர் ஊராகச் சுற்றினார். 1911-இல் பாரீஸ் - ரோம் பந்தயத்தில் இரண்டாமிடம். அதே ஆண்டு ஐரோப்பியச் சுற்றுப் பந்தயத்திலும் இரண்டாமிடம். இரண்டிலும் முதலிடம் பெற்றவர் ஒருவரே. மறு ஆண்டு ஆஞ்சே நகரில், புயல் காற்றில் மற்றவர்கள் தயங்கி நின்றபோது பறந்து முதல் பரிசைப் பெற்றார். சுருங்கச் சொன்னால், இன்று ஊர் ஊராகச் சென்று பரிசுப் பணத்துக்கு ஆடும் தொழில்முறை டென்னிஸ் வீரரின் வாழ்க்கைக்கு, அக்காலத்து டென்னிஸ்காரர்கள் எவரையும்விட காரோஸே நெருக்கமானவர். அவர் பெயரை அரங்கத்துக்குச் சூட்டியவர்கள் இதை எண்ணிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

உயரம் தொடும் போட்டியிலும் அவர் பெயர் உண்டு. 1911-இல் 3,910 மீட்டர், 1912 டிசம்பரில் துனிஸ் நகரில் 5,610 மீட்டர் என உலக சாதனைகள் படைத்தார். ஆயினும் அவர் புகழை நிலைநாட்டியது 1913 செப்டம்பர் 23. தென் பிரான்சின் பிரெஜுஸ் அருகிலிருந்து காலையில் புறப்பட்டு, மத்திய தரைக்கடலை இடையில் எங்கும் இறங்காமல் கடந்து, துனிசியாவின் பிசெர்ட் நகரில் தரையிறங்கினார். ஏறத்தாழ எட்டு மணி நேரப் பயணம். ஒற்றை எஞ்சின், அது வழியில் பழுதுபட்டுத் திணறியது. இறங்கியபோது தொட்டியில் எஞ்சியிருந்த எரிபொருள் சில லிட்டர் மட்டுமே. முதன்முதலாக அக்கடலை ஒரே வீச்சில் கடந்த மனிதருக்கு அப்போது வயது 24.

அடுத்த ஆண்டே போர் வந்தது. வானத்தில் எதிரி விமானத்தைச் சுடுவதில் அப்போது ஒரு சிக்கல் இருந்தது. விமானிக்கு நேர் முன்னே சுழலும் விசிறி இருப்பதால், முன்னோக்கிச் சுட்டால் தன் விசிறியையே உடைத்துக்கொள்ள நேரிடும். விமானம் கட்டும் நிறுவனத்தின் ரேமண்ட் சோல்னியருடன் சேர்ந்து காரோஸ் கண்ட வழி எளிமையானது. விசிறி இறக்கைகளில் எஃகுத் தகடுகளை ஆப்பு வடிவில் பொருத்தினார். இறக்கையில் படும் குண்டுகள் தகட்டில் பட்டு விலகிச் செல்லும், மற்றவை இடைவெளி வழியே இலக்கை நோக்கிப் பாயும். 1915 ஏப்ரல் 1-ஆம் நாள் இந்த முறையில் ஒரு ஜெர்மானிய விமானத்தை வீழ்த்தினார். அதே மாதத்தில் மேலும் இரண்டு.

ஏப்ரல் 18-ஆம் நாள் அவருடைய விமானம் பெல்ஜியத்தில் எதிரியின் எல்லைக்குள் இறங்க நேரிட்டது. விமானத்தை எரித்துவிட முயன்றார், முழுதும் எரியவில்லை. விசிறியும் துப்பாக்கியும் ஜெர்மானியர் கையில் சிக்கின. சில வாரங்களில் ஆண்டனி ஃபாக்கரின் நிறுவனம் இதனினும் சிறந்த பொறியமைப்பை உருவாக்கியது. விசிறி இறக்கை குறுக்கே வராத கணத்தில் மட்டுமே துப்பாக்கி சுடும். ஜெர்மனியில் அந்த முயற்சி முன்பே நடந்துகொண்டிருந்தது என்பதால், முழுப் பழியையும் காரோஸ் மீது போடுவது முறையாகாது. எனினும் அவர் விமானம் பிடிபட்டது அதை விரைவுபடுத்தியது. அடுத்த பல மாதங்கள் மேற்குப் போர்முனையின் வானத்தில் பிரெஞ்சு, ஆங்கிலேய விமானிகள் கொத்துக் கொத்தாக மடிந்தனர். சாதனை என்று நாம் பள்ளிப் புத்தகத்தில் எழுதும் எல்லாவற்றுக்கும் இப்படி ஒரு மறுபக்கக் கணக்கு உண்டு. அந்தக் கணக்கை காரோஸ் சிறைக் கொட்டடியில் இருந்தபடி கேட்டுக்கொண்டிருந்திருப்பார்.

ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் சிறை. முகாம் முகாமாக மாற்றினார்கள். தப்பும் முயற்சிகள் தோற்றன. இறுதியில் 1918 பிப்ரவரியில், மார்ஷல் என்ற சக அதிகாரியுடன், ஜெர்மானிய அதிகாரிகளைப் போல உடை தரித்து மாக்டபர்க் முகாமின் வாயில் வழியே நடந்தே வெளியேறினார். ஹாலந்து, இங்கிலாந்து வழியாகத் தாய்நாடு சேர்ந்தபோது, அவருடைய பார்வை மங்கியிருந்தது. விமானங்கள் மாறியிருந்தன, போர்முறை மாறியிருந்தது. போர்முனைக்குப் போக வேண்டாம், ஆலோசகராக இருந்தால் போதும் என்ற வாய்ப்பு வந்தது. அதை அவர் ஏற்கவில்லை. புதிய விமானங்களை மாணவரைப் போல முதலிலிருந்து கற்றார்; கண்ணாடி அணிவதை மறைத்துக்கொண்டே பறந்தார்.

1918 அக்டோபர் 5-ஆம் நாள் ஆர்தென் பகுதியில் வூசியே அருகே அவர் சுட்டு வீழ்த்தப்பட்டார். மறுநாள் அவருக்கு முப்பது வயது நிறைந்திருக்கும். ஐந்து வாரங்களில் போர் நின்றது. ஐந்து விமானங்களை வீழ்த்தினால்தான் சூட்டப்படும் வான்வீரர் பட்டம் அவருக்கு உரியதே அன்று. உறுதி செய்யப்பட்ட கணக்கில் அவர் வீழ்த்தியது நான்கு. அந்தப் பட்டத்தை அவர் பெயரோடு சேர்த்து எழுதுவோர் இன்றும் உண்டு.

பிறகு பத்து ஆண்டுகள் சென்றன. 1927-இல் லாகோஸ்ட், போரோத்ரா, கோஷே, ப்ருஞோன் என்ற நால்வரும் அமெரிக்க மண்ணில் டேவிஸ் கோப்பையைக் கைப்பற்றினர். மறு ஆண்டு கோப்பையைக் காக்கும் ஆட்டம் பாரீஸில். கூட்டத்தைத் தாங்கும் அரங்கம் இல்லை. ஸ்டாட் பிரான்சே கழகம் தன் வசமிருந்த மூன்று ஹெக்டேர் நிலத்தைத் தர முன்வந்தது. அப்போது அதன் தலைவர், காரோஸின் கல்லூரித் தோழர் எமில் லெசியர். அவர் விதித்த நிபந்தனை ஒன்றே: அரங்கத்துக்குத் தன் நண்பனின் பெயர் வைக்க வேண்டும். அவ்வாறே 1928-இல் திறக்கப்பட்டது. பிரான்ஸ் கோப்பையைத் தக்கவைத்துக்கொண்டது. நிலம் கொடுத்தவர் பெயரைக் கேட்டார், கிடைத்தது. நிலம் கொடுத்த கிராமங்களின் பெயர்கள் வட்ட எண்களுக்குள் மறைந்துபோன ஒரு நகரியத்தில் வாழ்கிறவன் என்பதால், இந்தச் செய்தியைப் படித்தபோது சற்று நேரம் அதிலேயே நின்றுவிட்டேன்.

சிறையிலிருந்து தப்பியவரின் பெயர் தாங்கிய அந்த அரங்கமே, இரண்டாம் உலகப் போரின் தொடக்கத்தில் அயல்நாட்டவரையும் அரசியல் அகதிகளையும் அடைத்துவைக்கும் முகாமாகப் பயன்பட்டது. எழுத்தாளர் ஆர்தர் கோஸ்லர் அங்கே அடைபட்டவர்களுள் ஒருவர். போட்டியின் விளம்பரங்களில் இது இடம்பெறுவதில்லை.

ஆட்டத்துக்கு வருவோம். செம்மண் களம் என்று நாம் சொன்னாலும் அங்கே மண் இல்லை. அடியில் கல், அதன்மேல் சரளை, அதன்மேல் நிலக்கரி எரிந்து எஞ்சிய கசடு, பிறகு பொடித்த சுண்ணாம்புக்கல்; எல்லாவற்றுக்கும் மேலே ஓரிரு மில்லிமீட்டர் கனத்தில் செங்கல் தூள். சாம்பலுக்கு நடுவே வாழும் நெய்வேலிக்காரர்களுக்கு அந்த மூன்றாம் அடுக்கு வியப்பளிக்காது. இந்தத் தரையில் பந்து வேகம் குறைந்து உயரமாக எழும். ஓங்கி அடிக்கும் முதல் வீச்சின் வலிமை மட்டுப்படும். பொறுமையும் கால்களும்தான் மூலதனம். 2025 இறுதி ஆட்டத்தில் அல்கராஸ் மூன்று முறை தோல்வியின் விளிம்புக்குப் போய் மீண்டு, ஐந்தரை மணி நேரத்துக்கு ஒரு நிமிடம் குறைவாக ஆடி சின்னரை வென்றதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

தொழில்முறை வீரர்களுக்குக் கதவு திறந்த முதல் பெரும் போட்டியும் இதுவே, ஆண்டு 1968. அவ்வாண்டு மகளிர் பட்டம் வென்ற நான்சி ரிச்சி தொழில்முறை வீராங்கனையாகப் பதிந்துகொள்ளாததால் பரிசுப் பணத்தைப் பெற இயலவில்லை. 2025-இல் ஒற்றையர் வாகையருக்குக் கிடைத்தது 25.5 லட்சம் யூரோ. முதல் சுற்றிலேயே தோற்றவருக்கும் 78,000 யூரோ. ஆண், பெண் இருபாலருக்கும் ஒரே தொகை.

நம்மவர் கணக்கு இரட்டையரில் மிகுதி, ஒற்றையரில் சொற்பம். ராமநாதன் கிருஷ்ணன் 1962-இல் காலிறுதி வரை சென்றார். அவருடைய மகன் ரமேஷ் 1979-இல் இளையோர் பட்டம் வென்றார். சென்னையில் பிறந்த மகேஷ் பூபதி 1997-இல் ஜப்பானின் ரிகா ஹிராகியுடன் கலப்பு இரட்டையர் கோப்பையை ஏந்தியபோதுதான், பெரும் போட்டி ஒன்றில் முதல் பட்டம் இந்தியருக்கு வாய்த்தது. 1999-இலும் 2001-இலும் பயஸும் பூபதியும் இணைந்து வென்றனர். ஒற்றையரில் அரையிறுதியை எட்டிய இந்தியர் இன்றுவரை இல்லை.

ரீயூனியனின் விமான நிலையத்துக்கும் காரோஸின் பெயர்தான். தங்கள் மூதாதையரின் ஊரைத் தேடி அங்கிருந்து தமிழகத்துக்கும் புதுச்சேரிக்கும் வருவோர் அந்தப் பெயர்ப் பலகையைக் கடந்தே விமானம் ஏறுகின்றனர். கப்பலேறிய கூலிகளின் பெயர்கள் பிரெஞ்சு எழுத்தர்களின் செவிக்கு எட்டியபடி பதிவேடுகளில் உருமாறிக் கிடக்கின்றன. எந்த ஊர் எனத் தெரியாமல் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு வருகிறார்கள்.

ஆடவர் இறுதி ஆட்டம் நமக்கு ஞாயிறு மாலை. பக்கத்து வீட்டு மாணவர் தொலைக்காட்சி பார்க்க வருவதாகச் சொல்லியிருக்கிறார். பழைய உலக வரைபடப் புத்தகத்தை எடுத்து, இந்தியப் பெருங்கடல் உள்ள பக்கத்தில் அடையாளம் வைத்திருக்கிறேன்.